சின்ன கேபினெட்டுக்குப் பொருத்தம் பார்ப்பது

பெரிய கேபினெட்டுக்குப் பாகங்களை மாற்றி வாங்கிவிட்டால் கொஞ்சம் காசு வீணாகும், அவ்வளவுதான், கம்ப்யூட்டர் ஓடிவிடும். சின்ன கேபினெட்டில் அப்படிச் செய்தால் பக்க மூடியே மூடாது. சிரமப்பட்டு மூடிவிட்டாலும் அரை மணி நேரத்தில் ஃபேன்கள் கத்த ஆரம்பிக்கும். அதனால் இங்கே பொருத்தம் என்றால் வேகத்தை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், தடிமன், உயரம், வாட், சூடு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் மிட் டவர் கேபினெட்டின் கொள்ளளவு 40 முதல் 50 லிட்டர் வரை இருக்கும். முதலில் வந்த பிளேஸ்டேஷன் 5 சுமார் பத்தரை லிட்டர். இந்த அத்தியாயத்தில் நாம் பேசப்போவது 10 முதல் 20 லிட்டர் வரையிலான கேபினெட்டுகளைப் பற்றி. மேசைமேல் மானிட்டருக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். லீவுக்கு ஊருக்குப் போகும்போது பையில் போட்டு எடுத்தும் போகலாம்.

மானிட்டரிலிருந்து ஆரம்பியுங்கள்

பலரும் ப்ராசஸரை முதலில் முடிவுசெய்து, மிச்சமிருக்கும் காசுக்குக் கார்டு வாங்கி, கடைசியில் 'இதெல்லாம் எந்தக் கேபினெட்டில் நுழையும்' என்று தேடுகிறார்கள். அந்த வரிசையை அப்படியே தலைகீழாக்குங்கள். முதலில் மானிட்டர். அதற்கு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று தெரிந்தால்தான் கிராபிக்ஸ் கார்டு தெரியும். கார்டு தெரிந்தால் கேபினெட், கேபினெட் தெரிந்தால் கூலர். ப்ராசஸர் அந்தக் கூலர் தாங்கும் அளவுக்குள் அமைய வேண்டும்.

ஓர் உதாரணத்தைக் கடைசிவரை எடுத்துக்கொண்டு போவோம். 27 அங்குல மானிட்டர், 1440பி தெளிவு, 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்குச் சற்று மேல். இன்றைக்கு நடுத்தர பட்ஜெட்டில் நியாயமான தேர்வு இதுதான். இதற்கு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி, அல்லது ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி போதும். முன்னது இழுப்பது 180 வாட், பின்னது 160 வாட். இரண்டிலும் 8 ஜிபி வகை உண்டு, விலையும் குறைவு. 1440பி மானிட்டர் வைத்திருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள். புதிய கேம்கள் பலவற்றில் டெக்ஸ்சர் தரத்தை உயர்த்தினால் 8 ஜிபி நிரம்பிவிடுகிறது. நிரம்பியதும் தரவு மதர்போர்டு வழியாக ராமுக்குப் போய் வர வேண்டியிருப்பதால் படம் வெட்டி வெட்டி ஓடும். 1080பி மானிட்டரில் பெரும்பாலும் வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி ஆட்டங்களே ஆடுபவருக்கு 8 ஜிபி போதும். அவர் காசை ப்ராசஸரில் போடலாம்.

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இந்த ப்ராசஸருக்கு இந்தக் கார்டு போட்டால் இத்தனை சதவீதம் 'பாட்டில்நெக்' (ஒன்று மற்றதன் வேகத்தைத் தடுப்பது) என்று எண் காட்டும் கால்குலேட்டர்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். அப்படி ஒரே சதவீதம் இருக்கவே முடியாது. கவுன்டர் ஸ்ட்ரைக்கில் நொடிக்கு 300 ஃப்ரேம் வேண்டுமென்றால் தடுமாறுவது ப்ராசஸர். அதே கம்ப்யூட்டரில் சைபர்பங்க் 2077-ஐ ரே டிரேஸிங்கோடு ஓட்டினால் தடுமாறுவது கார்டு. ப்ராசஸர் பாதி நேரம் சும்மா இருக்கும். நீங்கள் என்ன ஆடுகிறீர்கள், எந்தத் தெளிவில் ஆடுகிறீர்கள் என்று கேட்காமல் யாராவது பொருத்தம் சொன்னால், அந்த எண்ணுக்கு மதிப்பு இல்லை.

மில்லிமீட்டர் கணக்கு

ஒரே ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ சிப்பை வைத்துப் பல நிறுவனங்கள் கார்டு செய்கின்றன. இரண்டு ஃபேன் வைத்தவை பெரும்பாலும் 200 முதல் 250 மி.மீ. நீளம். மூன்று ஃபேன் வைத்தவற்றில் சில 300-ஐத் தொடுகின்றன. வேகத்தில் இரண்டுக்கும் இருக்கும் வித்தியாசத்தை ஆடும்போது கண்டுபிடிக்க முடியாது. 180 வாட் சிப்புக்கு மூன்று ஃபேன் அலங்காரம்தான். சின்ன கேபினெட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு ஃபேன் கார்டை எடுங்கள்.

நீளத்தைப் பார்ப்பவர்கள்கூட மற்ற இரண்டு அளவுகளை விட்டுவிடுகிறார்கள். ஒன்று தடிமன். ஒரு ஸ்லாட் என்பது சுமார் 20 மி.மீ. அதனால் 'டூ ஸ்லாட்' கார்டு 40 மி.மீ., 'டூ பாயின்ட் ஃபைவ்' 50 மி.மீ. இன்னொன்று உயரம், அதாவது மதர்போர்டிலிருந்து பக்க மூடியை நோக்கி கார்டு எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது. பவர் கேபிள் செருகும் இடம் பெரும்பாலான கார்டுகளில் இந்த விளிம்பில்தான் இருக்கிறது. கார்டு உள்ளே நுழைந்துவிடும். கேபிளைச் செருகிய பிறகு மூடி மூடாது. புதிய 16 பின் கேபிளை இணைப்பிலிருந்து குறைந்தது 35 மி.மீ. நேராக விட்டு அதற்குப் பிறகே வளைக்கச் சொல்கிறார்கள். மூடியால் அழுத்தி மடக்கினால் இணைப்பு முழுதாகப் பொருந்தாமல் உருகும் அபாயம் உண்டு. பழைய 8 பின் இணைப்பு உள்ள கார்டு கிடைத்தால் சின்ன கேபினெட்டுக்கு அது நிம்மதி.

2024-இல் என்விடியா சின்ன கேபினெட்டுகளுக்கென்று ஓர் அளவு அறிவித்தது. கார்டு 304 மி.மீ. நீளத்துக்கும் 50 மி.மீ. தடிமனுக்கும், கேபிள் வளைவையும் சேர்த்து 151 மி.மீ. உயரத்துக்கும் உட்பட்டிருக்க வேண்டும். பெட்டிமேல் 'எஸ்எஃப்எஃப் ரெடி' என்று போட்டிருந்தால் இந்த அளவுக்குள் வருகிறது என்று அர்த்தம். நல்ல ஆரம்பம்தான். ஆனால் 10 லிட்டர் கேபினெட்டுகள் எல்லாவற்றிலும் இந்த அளவு நுழையும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கேபினெட்டில் இரண்டு ஜாதி உண்டு. முதலாவது, வழக்கமான அமைப்பு: கார்டு மதர்போர்டிலேயே நேராகச் செருகப்படும். கூலர் மாஸ்டரின் என்ஆர்200 இந்த வகைக்கு நல்ல உதாரணம். சுமார் 18 லிட்டர், கார்டுக்கு 330 மி.மீ. வரை இடம், கூலருக்கு 155 மி.மீ. உயரம். இந்த 155-ஐ மனதில் வைத்துக்கொண்டு கூலர் தேடுங்கள். நாக்டுவாவின் புகழ்பெற்ற என்ஹெச்-யு12எஸ் 158 மி.மீ., மூன்று மில்லிமீட்டரில் போய்விட்டது. அதே கூலர் மாஸ்டர் நிறுவனத்தின் பழைய ஹைப்பர் 212 ஈவோ 159 மி.மீ., சொந்த வீட்டிலேயே அதற்கு இடமில்லை! நாக்டுவாவின் என்ஹெச்-யு9எஸ் 125 மி.மீ. என்பதால் தாராளமாக நிற்கும்.

இரண்டாவது, சாண்ட்விச் அமைப்பு. நடுவில் ஒரு தகடு; ஒரு பக்கம் மதர்போர்டு, முதுகுப் பக்கம் கார்டு. இரண்டையும் ரைசர் எனப்படும் பட்டைக் கேபிள் இணைக்கும். ஃப்ராக்டல் டெர்ரா இந்த வகை. பத்தரை லிட்டருக்குள் அடங்கிவிடும். அதில் அந்த நடுத் தகட்டை நகர்த்தலாம். கார்டுக்கு 43 மி.மீ. விட்டால் கூலருக்கு 77 மி.மீ. கிடைக்கும், கார்டுக்கு 72 கொடுத்தால் கூலருக்கு 48தான். கூட்டினால் எப்போதும் 120. தடித்த கார்டு வாங்குபவர் கூலரில் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் கேபினெட் வேறில்லை. நம் உதாரணத்தில் 42 மி.மீ. தடிமனுள்ள கார்டை எடுத்தால் 70 மி.மீ. உயரமுள்ள நாக்டுவா என்ஹெச்-எல்12எஸ் சுகமாக உட்காரும். 60 மி.மீ. கார்டை எடுத்தால் 47 மி.மீ. உயரமுள்ள தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி90-எக்ஸ்47 மாதிரி ஒன்றுக்கு இறங்க வேண்டும், சத்தத்தையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ரைசர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய கேபினெட்டுகளோடு வரும் ரைசர்கள், மதர்போர்டும் கார்டும் தரவு மாற்றிக்கொள்ளும் பிசிஐஇ பாதையின் 3.0 தலைமுறை. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 தடங்களில் எட்டை மட்டுமே பயன்படுத்தும் கார்டு. அதைப் பழைய ரைசரில் மாட்டினால் தரவு போகும் பாதை மிகவும் குறுகிவிடும். மெமரி நிரம்பும் 8 ஜிபி வகையில் இது நன்றாகவே தெரியும். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டிக்கு 16 தடங்களும் உண்டு. பழைய ரைசர் வைத்திருப்பவருக்கு அதுவே பொருத்தம். இதற்கு நேரெதிரான தொல்லையும் உண்டு. பிசிஐஇ 5.0 ஸ்லாட் உள்ள மதர்போர்டு, 5.0 கார்டு, நடுவில் 4.0 ரைசர் என்று அமைந்துவிட்டால் திரை வராமல் போகலாம், ஆடும்போது தொங்கலாம். கார்டு பழுது என்று கடைக்கு ஓட வேண்டாம். பயாஸில் ஸ்லாட்டின் வேகத்தை 'ஆட்டோ'விலிருந்து 'ஜென் 4'-க்கு மாற்றிப் பாருங்கள். ரைசர் வழியாகத் திரையே வரவில்லையென்றால், ப்ராசஸரிலேயே இருக்கும் கிராபிக்ஸுக்கு மானிட்டரை மாற்றிச் செருகி அந்த மாற்றத்தைச் செய்துவிடலாம். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் ரைசன் ப்ராசஸர்களில் 'எஃப்' என்று முடியாத டெஸ்க்டாப் சிப்புகளில் அந்த வசதி உண்டு.

நம் ஊர் வெயில்

கூலர்களையும் கார்டுகளையும் சோதித்து எழுதுபவர்கள் பெரும்பாலும் 20 முதல் 24 டிகிரி வரை உள்ள அறையில் சோதிக்கிறார்கள். மே மாதத்து மதுரையிலோ வேலூரிலோ ஏசி இல்லாத அறை மதியம் 35-ஐத் தாண்டி நிற்கும். ஏர் கூலரோ வாட்டர் கூலரோ, எதுவானாலும் அறைக் காற்றைவிட இத்தனை டிகிரி கூடுதலாக என்ற கணக்கில்தான் வேலை செய்கிறது. அறை 13 டிகிரி கூடினால் உள்ளேயும் ஏறத்தாழ 13 டிகிரி கூடும். விமரிசனத்தில் 72 என்று போட்டிருந்தால் உங்கள் வீட்டில் 85 என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கேபினெட்டில் கூட இரண்டு ஃபேன் போட்டுச் சமாளிக்கலாம். சின்னதில் அந்த இடம் இல்லை. எனவே சூட்டை வாங்கும்போதே குறைத்துக்கொள்வதுதான் வழி.

இங்கேதான் ப்ராசஸர் தேர்வு வருகிறது. ஏஎம்டி ரைசன் 5 7600-இன் அட்டையில் 65 வாட் என்று இருக்கும். உண்மையில் அது 88 வாட் வரை இழுக்கும். 7600எக்ஸ் அட்டையில் 105, இழுப்பது 142 வரை. கேம்களில் இரண்டுக்கும் இடையே சில சதவீத வித்தியாசமே உண்டு. அந்தச் சில சதவீதத்துக்காக 54 வாட் கூடுதல் சூட்டைப் பத்து லிட்டர் பெட்டிக்குள் அடைப்பது புத்திசாலித்தனம் இல்லை. நம் உதாரணத்துக்கு 7600 போதும். ஏற்கெனவே 'எக்ஸ்' வாங்கிவிட்டவர் பயாஸில் ஈகோ மோடை 65-க்கு வைத்தால் அதே 88-க்கு வந்துவிடும். இன்னும் காசு இருப்பவருக்கு ரைசன் 7 7800எக்ஸ்3டி. அட்டையில் 120 வாட் என்று பயமுறுத்தினாலும் பெரும்பாலான கேம்களில் அது 100-ஐத் தொடுவதில்லை. சின்ன கேபினெட்டுக்கென்றே செய்தது போன்ற சிப் அது. இன்டெலின் கோர் ஐ9 14900கே மாதிரி 253 வாட் இழுக்கும் ப்ராசஸர்களை இந்தக் கேபினெட்டுகளுக்குள் கற்பனைகூடச் செய்ய வேண்டாம்.

7600-ஓடு பெட்டியிலேயே ஒரு கூலர் வரும், உயரம் 54 மி.மீ. வேலை செய்யும், ஆனால் நம் ஊர்க் கோடையில் அதன் சத்தம் ஹெட்போன் இல்லாமல் தாங்காது. நல்ல கூலருக்குத் தனியாகக் காசு ஒதுக்குங்கள். 240 மி.மீ. வாட்டர் கூலர் நுழையும் 11 லிட்டர் கேபினெட்டுகள் இருக்கின்றன, லியான் லி ஏ4-ஹெச்2ஓ அப்படி ஒன்று. 88 வாட் ப்ராசஸருக்கு அது தேவையில்லை. அந்தக் காசைக் கார்டில் போடுங்கள்.

கார்டின் சூட்டையும் பாதி விலைக்குக் குறைக்கலாம். சரியாகச் சொன்னால் இலவசமாகவே. ஆஃப்டர்பர்னர் மாதிரி ஒரு மென்பொருளில் பவர் லிமிட்டை 100-இலிருந்து 85-க்கு இறக்குங்கள். 180 வாட் கார்டில் 27 வாட் மிச்சம். ஃப்ரேம் குறைவது சிறிதளவே, ஃபேன் சத்தம் குறைவது காதுக்கே தெரியும். உற்பத்தியாளர்கள் கடைசி ஓரிரு சதவீத வேகத்துக்காக நிறைய வாட்டைக் கொட்டி அனுப்புகிறார்கள். அதை நாம் திருப்பி எடுத்துக்கொள்வதில் தப்பே இல்லை.

காற்று வழி: என்ஆர்200-இல் கார்டின் ஃபேன்கள் கீழ்நோக்கி இருக்கும். அடியில் இரண்டு 120 மி.மீ. ஃபேன்கள் காற்றை உள்ளே தள்ள வேண்டும், மேலே இரண்டு வெளியே இழுக்க வேண்டும். வழக்கமான ஃபேன் 25 மி.மீ. தடிமன், தடித்த கார்டு போட்டால் அடியில் 15 மி.மீ. ஸ்லிம் ஃபேன்தான் நுழையும். சாண்ட்விச் கேபினெட்டில் கார்டு பக்க மூடியின் ஓட்டைகள் வழியாக நேரடியாக மூச்சு விடுகிறது. அதைச் சுவரோடு ஒட்டி வைத்தாலோ மேசைக்கு அடியிலுள்ள மர அறையில் தள்ளி வைத்தாலோ எந்தப் பாகமும் காப்பாற்றாது.

எஸ்எம்பிஎஸ்

மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸில் சின்ன கேபினெட்டுகளுக்கு எஸ்எஃப்எக்ஸ் வகை வேண்டும்: 125 × 100 × 63.5 மி.மீ. வழக்கமான ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் இவற்றில் நுழையாது. விலையும் அதே வாட்டுள்ள ஏடிஎக்ஸைவிடக் கணிசமாக அதிகம்.

கடையில் "650 வாட் போதுமாண்ணே?" என்று கேட்டால் "தம்பி, எதுக்கும் 850 எடுத்துக்கோ" என்பார்கள். கணக்கை நாமே போட்டுவிடலாம். கார்டு 180, ப்ராசஸர் 88, மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன்கள் எல்லாம் சேர்த்து ஒரு 50. மொத்தம் 318 வாட். கார்டுகள் கண்சிமிட்டும் நேரத்துக்கு அளவுக்கு மேல் இழுப்பதுண்டு, ஏடிஎக்ஸ் 3.0 என்ற மின் தரம் உள்ள எஸ்எஃப்எக்ஸ்கள் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. 550-ஏ ஓட்டிவிடும், 650 நிம்மதி. 750-க்கு ஒரே ஒரு நல்ல காரணம் உண்டு. எஸ்எஃப்எக்ஸில் இருப்பது 92 மி.மீ. குட்டி ஃபேன், நல்ல மாடல்களில் சுமை பாதிக்குக் கீழே இருக்கும்வரை அது சுற்றாமலே இருக்கும். அமைதிக்காகக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுப்பதாக இருந்தால் சரி.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள்களைப் புதியதில் செருகவே செருகாதீர்கள். மாடுலர் கேபிள்களின் எஸ்எம்பிஎஸ் பக்க முனை பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உள்ளே கம்பிகளின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் மாடலுக்கு மாடல் மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்துக்கு 12 வோல்ட் போனால் டிஸ்க் அந்த நிமிஷமே செத்துவிடும், டேட்டாவோடு.

யுபிஎஸ் வைத்திருப்பவர்கள் விஏ எண்ணை வாட் என்று நினைத்துவிட வேண்டாம். வீடுகளில் சாதாரணமாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். நம் 318-ஓடு மானிட்டரின் 35-ஐச் சேர்த்தால் விளிம்பில் நிற்கிறது. கரண்ட் போன நொடியில் கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிடலாம். 1000 விஏ அல்லது அதற்கு மேல் பாருங்கள்.

மதர்போர்டு, ராம், மற்றவை

இந்தக் கேபினெட்டுகளில் நுழையும் மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டு 170 மி.மீ. சதுரம். 2001-இல் தைவானின் வியா நிறுவனம் வகுத்த அளவு இது. இதில் ராமுக்கு இரண்டே ஸ்லாட், கார்டுக்கு ஒன்று. வைஃபை பெரும்பாலும் கூடவே வரும். 7600-க்கு பி650 சிப்செட் போதும். நம் ஊரில் ஐடிஎக்ஸ் போர்டுகள் குறைவாகத்தான் வருகின்றன, வருவதும் விலை கூடுதல். சென்னை ரிச்சி தெருவிலேயே நாலைந்து கடை ஏறி இறங்க வேண்டியிருக்கும். அதனால் கேபினெட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் போர்டு கையிருப்பில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டே ஸ்லாட் என்பதால் ராமை 16 + 16 ஆக வாங்குங்கள். 2025 கடைசியில் ராம் விலை கடுமையாக ஏறிய பிறகு இது எல்லோருக்கும் கட்டுப்படியாகாது என்பது தெரியும். அப்படியானால் 8 + 8 வாங்காதீர்கள். பிறகு கூட்ட வேண்டுமானால் இரண்டையும் கழற்றிப் போட வேண்டும். ஒற்றை 16 வாங்கி, வேகத்தில் கொஞ்சம் இழந்து, பிறகு அதே மாடலில் இன்னொன்று சேர்த்துக்கொள்ளலாம். டிடிஆர்5-6000, எக்ஸ்போ (அந்த வேகத்தைப் பயாஸில் ஒரே தேர்வில் அமைக்கும் வசதி) உள்ளதாக இருக்கட்டும். தலையில் விளக்கும் கொண்டையும் வைத்த ராம் வேண்டவே வேண்டாம்; தாழ்வான கூலரின் ஃபேன் ராமின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும், 35 மி.மீ.க்கு மேல் போனால் முட்டும்.

எஸ்எஸ்டிக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. நல்ல 1 டிபி பிசிஐஇ 4.0 எம்.2 போதும், 5.0 வகை சூடாகும். போர்டின் முதுகில் இருக்கும் ஸ்லாட்டைவிட முன்பக்க ஸ்லாட்டையே பயன்படுத்துங்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு, பட்ஜெட் இடிக்கிறது என்று தோன்றினால் ஒரு நேர்மையான மாற்று இருக்கிறது. ஏசுஸ் ஏபி201 மாதிரி 33 லிட்டர் கேபினெட்டும் மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டும் சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸும். ராமுக்கு நாலு ஸ்லாட் உள்ள போர்டே கிடைக்கும், ரைசர் தொல்லை இல்லை, மிச்சமாகும் பணத்தில் கார்டில் ஒரு படி மேலே போகலாம். மேசையில் இடம் இருப்பவர்களுக்கு என் சிபாரிசு இதுதான். பத்து லிட்டர் கேபினெட் அடிக்கடி தூக்கிக்கொண்டு போகிறவருக்கும், ஹாஸ்டல் மேசையில் வாழ்கிறவருக்கும்.

கடைசியாக ஒரு சோதனை. எல்லாம் மாட்டி முடித்ததும், மதியம் இரண்டு மணிக்கு, ஏசி போடாமல், பக்க மூடியை மூடிவைத்து, உங்களிடம் இருப்பதிலேயே கனமான கேமை ஒரு மணி நேரம் ஆடிப்பாருங்கள். கார்டு 80 டிகிரிக்குள்ளும் ப்ராசஸர் 85-க்குள்ளும் நின்றால் பொருத்தம் சரி. தாண்டினால் முதலில் பவர் லிமிட்டை இறக்குங்கள், அடுத்து ஃபேன் வேகத்தைத் திருத்துங்கள், கூலரை மாற்றுவது கடைசி. மாற்றித் தருவதற்குக் கடைகள் கொடுக்கும் அவகாசம் பெரும்பாலும் சில நாட்கள்தான். இந்தச் சோதனையை அதற்குள் முடித்துவிடுங்கள். அதுவரை அட்டைப்பெட்டிகளையும் பில்லையும் தூக்கிப் போடாதீர்கள்.